பிணம் தாளம் போடக் கூடாது

நீலாயதாட்சி செத்து ஒன்றரை மணி நேரமாகியும் மருமகளுக்கு அழுகை வரவில்லை. மூக்கில் பஞ்சு, தாடையைத் தூக்கி உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி, நெற்றியில் சந்தனத்தோடு ஒட்டிய ஒற்றை ரூபாய், கால் கட்டைவிரல்களுக்கு ஒரு கட்டு, கைக் கட்டைவிரல்களுக்கு ஒரு கட்டு. வாடிவிடக் கூடாதென்று மாலைக்கு யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்ததில் ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது. போரூருக்கு அப்பால் படப்பிடிப்புக்கென்றே வாடகைக்கு விடுகிற பங்களா, அதன் கூடம், கூடத்தின் நடுவே ஒரு பெஞ்சு, பெஞ்சின்மேல் அவள். மணி பன்னிரண்டு இருக்கும். நாலு மணிக்கு மயிலாப்பூரில் கச்சேரி. இரண்டரைக்குக் கிளம்பிவிட்டால்கூடப் போதும், பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காரிலேயே புடவையை மாற்றிக்கொள்ளலாம், இதற்கு முன்னால் எத்தனை முறை மாற்றியிருக்கிறாள். இந்தத் தர்ஷிகா மட்டும் அழுது தொலைத்தால் போதும். இருபத்து மூன்று வயசு, கண்ணில் பச்சை லென்ஸ், கிளிசரின் போட்டால் லென்ஸ் எரியுமாம், அதனால் உள்ளேயிருந்து அழுகையை வரவழைக்கிறாளாம். உள்ளே என்ன இருக்கிறது வருவதற்கு? வறண்ட குழாயில் வாளியை வைத்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரி முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இயக்குநர் கதிர்வேலன் மட்டும் பொறுமையாக, "மேடம் நீங்க சூப்பர் மேடம், அப்படியே இருங்க, உங்களை மாதிரி பொணம் இண்டஸ்ட்ரியிலயே கிடையாது" என்றார். அது முகஸ்துதி இல்லை. தொடர்களில் இது அவளுக்கு நாலாவது சாவு. மற்றவர்கள் பிணமாகப் படுத்தால் நெஞ்சு ஏறி இறங்கும், தொண்டைக் குழி துடிக்கும், காமிராவை முகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். நீலாயதாட்சி படுத்தால் காமிரா எங்கே வேண்டுமானாலும் போகலாம். பத்து வயசிலிருந்து விடிகாலையில் எழுந்து அகாரம் பாடிப் பாடி ஏறின மூச்சு அது. அடிவயிற்றில் பிடித்து நிறுத்தி, நூல் நூலாக விட்டால் ஒரு நிமிஷம் தாங்கும். சங்கீதம் அவளுக்குப் பட்டம் எதுவும் வாங்கித் தரவில்லை. நன்றாகச் சாகக் கற்றுக்கொடுத்திருந்தது.

"ரெடி... ரோல்... ஆக்‌ஷன்." தர்ஷிகா "அத்தே" என்று மேலே விழுந்தாள். தலைமுடியில் ஷாம்பு வாசனை. கனம் கொஞ்சம்தான், ஆனால் முழங்கை விலாவில் குத்துகிறது. நீலாயதாட்சி மூச்சை நிறுத்தினாள். நிறுத்தினால் உள்ளே ஒரு மௌனம் வரும், அந்த மௌனத்தில் அவளுக்கு எப்போதும் சுருதி கேட்கும். இன்றைக்கும் கேட்டது. சுருதி கேட்டால் தோடி வராமல் இருக்குமா? மெதுவாக, கதவை முழுசாகத் திறக்காமல் எட்டிப் பார்க்கிறவள் மாதிரி காந்தாரம் அசைந்து அசைந்து வந்தது. இன்று சாயங்காலம் தோடிதான் பிரதானம். பல்லவி அவளே கட்டியது, ஒன்பது எண்ணிக்கைத் தாளம், வார்த்தை தொடங்குகிற எடுப்பு அடிக்கு முக்கால் தள்ளி. அந்த முக்கால் இடம் தப்பினால் குடி கெட்டது. அடி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி, பிறகு அடி வீச்சு, அடி வீச்சு. வீச்சு முடிந்து மறுபடி அடி விழுந்து, அந்த முக்காலில் வார்த்தையைத் தூக்க வேண்டும், இதோ இங்கே, இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி, இதோ...

"கட்!" என்றார் கதிர்வேலன். அப்புறம் அவர் பக்கத்தில் வந்து குனிந்து, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பொணம் தாளம் போடுது" என்றார்.

கூடம் முழுக்கச் சிரித்தது. ஒப்பாரிக்கு வந்திருந்த துணை நடிகைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இத்தனை நேரம் வராத கண்ணீர் தர்ஷிகாவுக்குச் சிரிப்பில் வந்துவிட்டது. "சுண்டு விரல் மேடம், டக்கு டக்குன்னு. மானிட்டர்ல பார்க்கிறீங்களா?" வேண்டாம். அவளுக்குத் தெரியாதா. கல்யாணத்தன்று ஐயர் மந்திரம் சொல்லும்போது தொடையில் போட்டிருக்கிறாள், பிரசவ வலியில் கட்டில் கம்பியில் போட்டிருக்கிறாள், புருஷன் விசுவநாதன் நிஜமான கண்ணாடிப் பெட்டிக்குள் இதேபோல மூக்கில் பஞ்சோடு கிடந்தபோது பெட்டியின் விளிம்பில் போட்டிருக்கிறாள். அன்றைக்கு ஒப்பாரி வைத்த கிழவி அரைச் சுருதி கீழே இறங்கிக்கொண்டே போனதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது, புருஷன் போனது அப்புறம். அதே வீட்டில், அதே பெட்டிக்குப் பக்கத்தில் ஒருத்தி தோளில் கை போட்டு, "நீங்கதானே அந்த மாமியார்? ஒரு செல்ஃபி" என்றாள். நீலாயதாட்சி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நின்றதுகூடப் பெரிசில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து முகத்தைத் திருப்பினாளே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. பத்தாம் நாள் காரியம் முடிந்து படப்பிடிப்புக்கு வந்தபோது ஓர் அழுகைக் காட்சி. அன்று வீட்டில் அழுததை ஞாபகப்படுத்தி, எங்கே விக்கினோம், எங்கே மூச்சு தடுக்கியது என்று அப்படியே எடுத்துப் போட்டாள். ஒரே டேக். எல்லோரும் கைதட்டினார்கள். பாடுகிறவளுக்குக் காது தூங்காது, நடிக்கிறவளுக்குக் கண் தூங்காது, இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் அந்த உடம்பு எப்போதுதான் சும்மா அழும்?

இன்னொரு டேக், இன்னொரு தாளம். சத்தியமாக அவள் வேண்டாமென்றுதான் இருந்தாள். கத்தரிக்காய் விலையை நினைத்தாள், மாடியில் ஒழுகுகிற தொட்டியை நினைத்தாள், தொட்டி சொட்டுவது ஒன்பது எண்ணிக்கையில் சொட்டியது. "மேடம்!" மூன்றாவதில் சுண்டுவிரலை அடக்கினாள், கால் பெருவிரல் போட்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. லைட்மேன் ஒருத்தர் மேலே நின்றபடி, "பேசாம விரலைச் சேர்த்துக் கட்டிருங்க சார்" என்றார். கட்டினார்கள். சகாயமேரி வந்து கட்டினாள், பன்னிரண்டு வருஷமாக நீலாயதாட்சிக்கு டச்சப் செய்கிறவள், அவள் ஒருத்திதான் கட்டும்போது வலிக்கிறதா என்று கேட்டாள். மாலை கலையக் கூடாது, பொட்டு நகரக் கூடாது, அதனால் பிணம் எழுந்திருக்க முடியாது. உறிஞ்சுகுழலில் இரண்டு வாய் தண்ணீர். மணி என்ன மேரி? "ஒண்ணேகால் மேடம்." அடுத்து மேலேயிருந்து ஒரு ஆங்கிள், காலடியிலிருந்து ஒன்று, மகன் பக்கம் ஒன்று, மருமகள் பக்கம் ஒன்று என்று கதிர்வேலன் ஒளிப்பதிவாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நாலு ஆங்கிள். நாலு மணி.

மகனாக நடிக்கிற ஈஸ்வர் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து தர்ஷிகாவிடம் பேசினான். செத்தவளுக்குக் காது கேட்காது என்ற நினைப்பு, பாவம், அவர்களுக்கும் பழகிவிட்டது. "டிசம்பர்ல பதினஞ்சு நாள் லீவு கேட்டாங்களாம். கச்சேரி சீசனாம். ரைட்டர் கடுப்பாகி, சரி, நிரந்தரமாவே லீவு குடுத்துருவோம்னு மாரடைப்பு வெச்சுட்டார்." "ஐயோ பாவம்" என்றாள் தர்ஷிகா, பாவமே இல்லாத குரலில். "ஆனா இனிமே ட்ராக் நல்லாப் போகும்ல? கத்தல் இருக்காது." அதுதான் விஷயம். அவள் கேட்டது பதினைந்து நாள், கிடைத்தது சாவு. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று அம்மா சொல்வாள். ஆற்றுக்காரர்கள் சேற்றைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிறார்கள், சேற்றுக்காரர்கள் ஆற்றுக்கு எதற்கு லீவு என்கிறார்கள். செட்டில் அவள் பெயர் 'பாட்டு மேடம்', சபாவில் அவள் பெயர் 'சீரியல் மாமி'. போன வருஷம் காரைக்கால் பக்கம் ஒரு கோயில் கச்சேரியில் ஆலாபனை நடுவே முன்வரிசைக்காரி எழுந்து, "அந்தப் பொண்ணை ஏன்டி வீட்டை விட்டு விரட்டினே?" என்று கத்தினாள். சனம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் ராகத்துக்கு விழுந்ததை விட ஜாஸ்தி. ஒன்பது வருஷம் மதியம் பன்னிரண்டு மணிக் காலி நாற்காலிகளுக்குப் பாட வைத்த சபாச் செயலாளர் சேஷாத்ரி, இந்த வருஷம்தான் நாலு மணி கொடுத்தார். ஏன் கொடுத்தார்? "உங்க மூஞ்சி இருக்கே, ஹால் ரொம்பிடும்." பாட்டுக்குக் கொடுத்தார் என்று நம்ப அவளுக்கும் ஆசைதான். சரி, மூஞ்சியைப் பார்க்க வரட்டும், வந்தவர்களின் காதைப் பிடித்து உட்கார வைக்க அவளுக்குத் தெரியும். இன்றோடு நடிப்பு போயிற்று. வயசு ஐம்பத்தொன்று, இனி எந்த வீட்டுக்கு மாமியாராகப் போவது? இன்று நாலு மணிக்கு அந்த மேடையில் உட்கார்ந்தால்தான் மிச்சம் இருக்கிற ஒரு காலாவது நிற்கும்.

"மேடம், உமையாள் போன்" என்று மேரி காதில் வைத்தாள். பின்பாட்டுக்காரி. தாடையைக் கட்டியிருந்ததால் பல்லுக்குள்ளேயே பேச வேண்டும். "அக்கா, நான் ஹாலுக்கு வந்துட்டேன். மைக் பார்த்தாச்சு, வயலின்காரரும் வந்துட்டார். நீங்க எப்பக்கா கிளம்பறீங்க?" அவளுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம், கேன்டீன் பக்கத்தில் நிற்கிறாள் போல. "முடிஞ்சுரும்" என்றாள் நீலாயதாட்சி. "சரிக்கா. செகரட்டரி கேக்கச் சொன்னார்க்கா, ஒருவேளை நீங்க வர லேட்டாச்சுன்னா நான் வர்ணமும் ஒரு கீர்த்தனையும் பாடி ஆரம்பிச்சு வெக்கலாமான்னு." நீலாயதாட்சி மேரியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். போனை எடுத்துவிடு என்று அர்த்தம். மேரி எடுத்துவிட்டாள்.

"ஆக்‌ஷன்." தர்ஷிகா விழுந்தாள். உமையாள் ஆரம்பித்து வைக்கிறாளாம். பதினோரு வருஷமாக இவள் முதுகைப் பார்த்துப் பாடுகிறவள், முப்பத்திரண்டு வயசு, காரைக்குடியிலிருந்து ஒரு பையோடு வந்தவள், தம்புரா மீட்டி, பின்பாட்டுப் பாடி, பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து, அக்கா அக்கா என்று. செகரட்டரி கேட்கச் சொன்னாராம். அவர் கேட்டாரா, அவள் கேட்க வைத்தாளா? ஆகஸ்டில் அந்தக் கும்பகோணம் கச்சேரி. கல்பனாஸ்வரத்தில் நீலாயதாட்சி மேல் ஸட்ஜமத்தைப் பிடிக்கப் போனாள், தொண்டை கொடுக்கவில்லை, காற்று மட்டும் வந்தது. பன்னிரண்டு வருஷம் மருமகளை 'வெளியே போடீ' என்று கத்தின தொண்டை, அதற்கும் ஒரு கணக்கு இருக்கும் அல்லவா. அந்த அரை விநாடியில் பின்னாலிருந்து உமையாள் அந்த ஸட்ஜமத்தைப் பிடித்தாள். தேன் மாதிரி. பிசிறில்லாமல். யார் விட்டது யார் எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அரங்கம் ஆஹா என்றது, வயலின்காரர் மட்டும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். ஊர் திரும்பும்போது ரயிலில் உமையாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் திட்டியிருக்கலாம். பேசாமல் மிளகு பால் கலக்கிக் கொடுத்தாள். கீழே தள்ளினவளை மன்னிக்கலாம், கைகொடுத்துத் தூக்கிவிட்டவளை எப்படி மன்னிப்பது? இப்போது அவள் மேடையின் நடுவில் உட்காருவாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொள்வாள். வர்ணம் பாடுவாள், மூஞ்சியைப் பார்க்க வந்த கூட்டம், யாருடி இது, நல்லாப் பாடுதே என்னும். அப்புறம் இவள் மூக்கில் பஞ்சு இருந்த இடம் சிவந்து, நெற்றியில் சந்தனக் கறையோடு மூச்சு வாங்க ஓடி வந்து உட்கார வேண்டும். மேல் ஸட்ஜமத்தின் இடம் வரும். இவளுக்கு வராது. ஹால் முழுக்க முன்னாலும் பின்னாலும் பார்த்து ஒப்பிடும். வேண்டாம். அவள் தொண்டையில் நெருஞ்சி முள் முளைக்கட்டும். அவள் அந்த மேடைப் படியில் கால் வைக்கக் கூடாது. நானில்லாமல் அந்த நாலு மணி இருக்கவே கூடாது. அந்த நினைப்பு ஈரத் துணி மாதிரி அவள்மேல் கனமாகப் படிந்தது, சுருதி நின்றுவிட்டது, தோடி எங்கே போனதென்று தெரியவில்லை, விரல் ஒன்றுகூட அசையவில்லை.

"கட்" என்று வந்தபோது அவள் கேட்கக்கூட இல்லை. மானிட்டரைச் சுற்றிக் கூட்டம் கூடியது, ரீப்ளே போட்டுப் பார்க்கிறார்கள். அடுத்த ஆங்கிளுக்குத்தான், வேறென்ன. அவள் கண்ணைத் திறந்து, "மேரி, மணி?" என்றாள். "ஒண்ணு நாப்பது மேடம்." "உமையாளுக்குப் போன் போடு. மேடத்துக்குக் காய்ச்சல், தொண்டை கட்டிக்கிச்சு, இன்னிக்குக் கச்சேரி இல்லைன்னு செகரட்டரிகிட்ட சொல்லச் சொல்லு. அவளையும் வீட்டுக்குக் கிளம்பச் சொல்லு." மேரி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள், இன்கம்டாக்ஸ்காரரிடம்கூட. "இன்னும் நேரம் இருக்குதே மேடம். நான் வேணா டைரக்டர்கிட்ட கேக்கட்டா?" "சொன்னதைச் செய்." "அந்தப் பொண்ணு காலைலருந்து ஒண்ணும் சாப்பிடலையாம் மேடம், உங்ககூடச் சாப்பிடலாம்னு..." "மேரி." மேரி வாசல் பக்கம் போய்ப் பேசினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. நீலாயதாட்சிக்கு உடம்பெல்லாம் லேசானது. சீழ் கட்டின பல்லை வைத்தியர் பிடுங்கிவிட்ட மாதிரி ஒரு சுகம். நான் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, சட்டியை உடைத்தாயிற்று.

கதிர்வேலன் கைதட்டிக்கொண்டே வந்தார். "மேடம், என்ன மேடம் பண்ணீங்க? இதுக்கு மேல ஒரு ஷாட் எடுத்தா பாவம் மேடம். அந்த மூஞ்சியில அப்படியே சாவு தெரியுது. தர்ஷிகா உங்க முகத்தைப் பார்த்துப் பயந்து நிஜமாவே அழுதுட்டா, பார்த்தீங்களா? நாலு ஆங்கிள் எதுக்கு, இது ஒண்ணு போதும். உங்க போர்ஷன் ஓவர். கச்சேரிக்கு நேரமாச்சுன்னு மேரிம்மா சொன்னாங்க, நீங்க கிளம்பலாம்." மணி ஒன்று ஐம்பது. இரண்டரைக்குக் கிளம்பினால் போதும் என்றிருந்தாளே, நாற்பது நிமிஷம் கையில் இருக்கிறது. குளிக்கலாம். சாப்பிடலாம். காரில் இரண்டு தரம் பல்லவியைப் போட்டுப் பார்க்கலாம். "மேரி!" என்று கத்தினாள், தாடைத் துணியில் பாதி சத்தம் அமுங்கிப் போயிற்று. "போனைப் போடு, உமையாளுக்குப் போடு, வேண்டாம், செகரட்டரிக்கே போடு." விரல் கட்டியிருந்தது. மேரிதான் எண்ணைத் தேடிக் காதில் வைத்தாள்.

சேஷாத்ரி எடுத்ததும் பேச விடவில்லை. "என்னம்மா இது, காய்ச்சலாமே? இப்பத்தான் உமையாள் வந்து சொன்னா. வாசல்ல போர்டே எழுதி மாட்டியாச்சு. உடம்பைப் பார்த்துக்கோங்கோ." நீலாயதாட்சி பேச வாயெடுத்தாள். இல்லை சார், சரியாகிவிட்டது, வருகிறேன். பத்து நிமிஷத்தில் சரியாகிற காய்ச்சல் எது? "அந்தப் பொண்ணையே பாடச் சொன்னோம். எவ்வளவோ கெஞ்சினோம். முன்னாடி லேட்டானா ஆரம்பின்னு சொன்னப்பவே முடியாதுன்னுட்டா. அக்கா வர்ற வரைக்கும் மேடை காலியா இருக்கட்டும், அக்காவுக்கு இது ஒம்பது வருஷத் தவம்னு சொன்னா. உங்க காதுல போடச் சொல்லி நான்தான் வற்புறுத்தி போன் பண்ண வெச்சேன். இப்பவும் ஒரே அழுகை. உங்களுக்குன்னு எடுத்துண்டு வந்த செருப்பைத் திரும்பப் பையில போட்டுண்டு ஆட்டோ பிடிச்சு உங்காத்துக்குத்தான் கிளம்பிப் போறா, கஞ்சி வெக்கணுமாம். கேன்டீன்ல அடை சாப்பிட்டுண்டிருந்த ஒரு பொண்ணைப் பிடிச்சு நாலு மணிக்கு உட்கார வெச்சுட்டேன்." நீலாயதாட்சியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரத்து, கபம் கட்டி, பாதியில் உடைந்த சத்தம். "சாரி சார்" என்றாள் அந்தச் சத்தத்தில். நடிக்கவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, அது தானாகவே அவ்வளவு நன்றாக வந்தது. "ஐயோ, பேசாதீங்கோ, தொண்டை பாவம்" என்றார் சேஷாத்ரி. "அடுத்த வருஷம் பார்க்கலாமா சார்?" என்று கேட்டாள். "பார்க்கலாம், பார்க்கலாம். சீரியல்லேயும் இனிமே நீங்க வரப்போறதில்லையாமே? ஆத்துல சொன்னா. பார்க்கலாம்மா, அப்போ பன்னெண்டு மணி ஸ்லாட் ஏதாவது காலி இருந்தா."

மேரி போனைக் காதிலிருந்து எடுத்தாள். விரல் கட்டை அவிழ்த்தாள், மூக்குப் பஞ்சை எடுத்தாள், தாடைத் துணியின் முடிச்சைப் பிரித்தாள். தாடை வலித்தது. உமையாள் இப்போது எந்தச் சிக்னலில் நிற்பாள்? மடியில் பை, பையில் இவள் செருப்பு. வெறும் வயிறு. வீட்டுச் சாவி அவளிடம் ஒன்று இருக்கிறது, நேராகப் போய் அடுப்பைப் பற்ற வைப்பாள், அக்கா எங்கே என்று தேடுவாள். என்ன சொல்வது? நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாளே, சூடே இல்லாத காய்ச்சலை என்னவென்று சொல்வது? சொன்னால் நம்புவாள், அதுதான் கொடுமை, எதைச் சொன்னாலும் நம்புவாள். நீலாயதாட்சி எழுந்து உட்காரப் போனாள். "ஐயையோ, எழுந்திரிக்காதீங்க மேடம், ஒரே ஒரு நிமிஷம்" என்று உதவி இயக்குநர் ஓடி வந்தார். சினிமாவிலும் தொடரிலும் இது சாஸ்திரம். பிணமாக நடித்தவர் படுத்த இடத்தை விட்டு எழுமுன் காமிராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், அதை ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொள்வார்கள். எங்கும் ஒளிபரப்ப மாட்டார்கள், ஆனால் எடுக்காமல் யாரையும் அனுப்ப மாட்டார்கள். சிரிக்காமல் போனால் நடித்தது பலித்துவிடுமாம்.

"சிரிங்க மேடம்" என்றார் கதிர்வேலன், காமிராவுக்குப் பக்கத்தில் நின்று தானும் சிரித்துக் காட்டி. "சிரிச்சாத்தான் உசுரோட அனுப்புவோம்." விளக்கைத் திருப்பினார்கள். ஒப்பாரிப் பெண்களும் தர்ஷிகாவும் ஈஸ்வரும் சுற்றி நின்று கைதட்டத் தயாராக இருந்தார்கள். நீலாயதாட்சி வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். உதடு, பிறகு பல், பிறகு கண், எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன. வயிற்றிலிருந்து ஏதோ பொங்கித் தொண்டைக்கு ஏறிற்று, சிரிப்புச் சத்தமாகத்தான் வந்திருக்க வேண்டும், அது வேறெதுவோ ஆகிக் கூடத்தில் எதிரொலித்தது. கதிர்வேலன் காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினார்.

"சத்தம் வேணாம் மேடம். சும்மா மூஞ்சி மட்டும் போதும்."